மின்சூளையில் பெயர்ந்த செங்கல்லை நாமே மாற்றுவது

போன வருஷம் அக்டோபர் மழையில் சரியாகக் காயாத இரண்டு ஜாடிகளை ஆர்டர் அவசரத்தில் பிஸ்க் (பச்சை மண்பாண்டத்தை முதல் தடவை சுடுவது) சுட ஏற்றிவிட்டேன். 100 டிகிரியைத் தாண்டும்போதே உள்ளே டப் டப் என்று சத்தம். மண்ணுக்குள் நின்ற தண்ணீர் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் ஜாடியைச் சிதறடித்துவிட்டது. ஜாடி போனது பெரிதில்லை. பறந்த துண்டு ஒன்று சுவரில் பட்டு, காயில் (சூளையைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) உட்காரும் காடியின், அதாவது சுவரில் வெட்டிய பள்ளத்தின், கீழ் உதட்டை நாலு விரல் அகலத்துக்குப் பெயர்த்துவிட்டது. அடுத்த சூட்டில் காயில் அந்த இடத்தில் தொங்க ஆரம்பித்தது. அப்படியே விட்டிருந்தால் அது ஷெல்ஃபில் படும், இல்லாவிட்டால் தனக்குள்ளேயே ஒட்டி அறுந்துபோகும்.

பெங்களூரில் கில்ன் ரிப்பேர் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சின்ன ஸ்டுடியோவுக்கு ஒரு செங்கல் மாற்ற அவர்களை வரவழைக்க நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். அல்சூரில் என் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் எட்டுப் பக்கச் சூளையில் இதுவரை நாலு செங்கல் மாற்றியிருக்கிறேன், தவறிப்போன இரண்டைத் தவிர மற்றவை நன்றாக நிற்கின்றன. முதலாவது ஏன் நிற்கவில்லை என்பதில்தான் இந்த வேலையின் முக்கியமான விஷயம் இருக்கிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் அனுபவத்தில் சரியென்று பட்டதைச் செய்தார். தீச்சாந்தை (சூளைக்கான, சூடு தாங்கும் சாந்து) கெட்டியாகக் குழைத்து, உடைந்த இடத்தில் அப்பி, புதுக் கல்லின் நாலு பக்கமும் விரல் தடிமனுக்குச் சாந்து வைத்து இறுக்கினார். பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவது சூட்டில் சாந்து முழுக்க ஏடு ஏடாக உரிந்து, பக்கத்துக் கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு கீழே விழுந்தது. அப்புறம் பாட்டரி டவுனில் விறகுச் சூளை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் போய், "அண்ணே, சாந்து நிக்க மாட்டேங்குது, வேற சாந்து ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, வீட்டுச் சுவர் அசையாது, அதுக்குச் சாந்து. சூளை தினமும் நீளுது சுருங்குது, அதை எதுக்கு ஒட்டி வைக்கிற? கல்லோட கல்லு சேர்ற மாதிரி தேச்சு உட்கார வை" என்றார்.

அவர் சொன்னது மின்சூளைக்கு அப்படியே பொருந்தும். மேலிருந்து பாத்திரம் அடுக்கும் வட்டச் சூளைகளில் பெரும்பாலும் கற்களுக்கு நடுவே சாந்தே கிடையாது. வெளியே சுற்றியிருக்கும் ஸ்டீல் சட்டையும் அதை இறுக்கும் பட்டைகளும்தான் கற்களைப் பிடித்து வைக்கின்றன. கல்லின் உள்முகம் 1200 டிகிரிக்குப் போகும்போது வெளிமுகம் அதில் ஒரு பங்கு சூடுதான் ஆகிறது. 230 மில்லிமீட்டர் நீளமான கல் உள்முகத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று மேலே நீள முயலும், வெளிமுகம் அவ்வளவு நீளாது. ஒவ்வொரு சூட்டிலும் இந்த இழுபறி நடக்கிறது. அதனால்தான் எல்லாச் சூளையிலும் மயிரிழை விரிசல்கள் வருகின்றன. அவை கல் மூச்சுவிடும் இடங்கள், அவற்றைச் சாந்து வைத்து மூடாதீர்கள். மூடினால் அடுத்த விரிசல் வேறு இடத்தில், இன்னும் மோசமாக வரும்.

அப்படியென்றால் எந்தக் கல்லை மாற்ற வேண்டும்? காடியின் உதடு உடைந்து காயில் வெளியே வர ஆரம்பித்திருந்தால், கிளேஸ் (பாத்திரத்தின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சு) உருகி வழிந்து கல்லைக் குழியாகத் தின்றிருந்தால், விரலால் தேய்த்தால் கல் மாவாக உதிர்ந்தால், விரிசலில் கத்தி முனை நுழைந்து கல் ஆடினால். இவ்வளவுதான். கிளேஸ் விஷயத்தில் மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பொட்டு மாதிரி ஒரு துளிதானே என்று விட்டால் ஒவ்வொரு சூட்டிலும் அது மறுபடி உருகி உள்ளே இறங்கும், காயிலைத் தொட்டால் காயிலின் மேல் இருக்கும் அலுமினா படலத்தைக் கரைத்து அந்த இடத்திலேயே அறுத்துவிடும். துளி சின்னதாக இருக்கும்போதே பழைய ஸ்க்ரூடிரைவரால் அடிவரை சுரண்டி எடுத்துவிட்டால் கல்லை மாற்ற வேண்டியே இருக்காது.

கல் வாங்குவதில்தான் நான் பணத்தை இழந்தேன். "இன்சுலேஷன் பிரிக்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் எடுத்துத் தருவார். எனக்கு ஒரு கடையில் கோல்ட் ஃபேஸ் வகையைக் கொடுத்துவிட்டார்கள். அது உலைச்சுவரின் பின்பக்கம் வைக்கும் கல், நேரடி நெருப்புக்கு நிற்காது. மூன்று கிளேஸ் சூட்டுக்குள் அது சுருங்கி, பக்கத்துக் கல்லுக்கும் அதற்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி விழுந்தது. நமக்கு வேண்டியது ஹாட் ஃபேஸ் இன்சுலேஷன் கல். அதில் 23 என்று எண் போட்ட வகை 2300 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 1260 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றது. 26 என்று வருவது 2600 ஃபாரன்ஹீட், கிட்டத்தட்ட 1430 செல்சியஸ். ஸ்டோன்வேர் 1220 வரை சுடுபவர்களுக்கு 23 போதும். பழைய கல் எதுவோ அதையே வாங்குவது நல்லது, ஏனென்றால் 26 கொஞ்சம் கெட்டி, கனமும் அதிகம், பக்கத்துக் கல் விரிவதும் இது விரிவதும் ஒன்றுபோல இருக்காது. அளவு வழக்கமாக 230க்கு 115, தடிமன் 65 அல்லது 75 மில்லிமீட்டர். பழைய கல்லை அளந்துகொண்டு போங்கள். கையில் எடுத்துப் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடலாம், 75 தடிமன் 23 கல் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும், நகம் வைத்து அழுத்தினால் தடம் விழும். அதே அளவில் சாதாரணக் கெட்டித் தீச்செங்கல் நாலு கிலோ கனக்கும். பீன்யா பக்கம் உலைச் சாமான் விற்பவர்களிடம் சில்லறையாகவும் கிடைக்கும், ஒன்று வேண்டுமென்றால் மூன்று வாங்குங்கள், முதல் கல் பழகுவதற்கே போய்விடும். காயிலைக் கல்லோடு பிடித்து வைக்கக் குத்தும் ஊசிக்கு காந்தல் கம்பி (காயில் செய்யும் அதே வகைக் கம்பி), 1.5 மில்லிமீட்டர் தடிமன், அரை மீட்டர் போதும். சாதாரண இரும்புக் கம்பியோ ஜி.ஐ. கம்பியோ அந்தச் சூட்டில் பொடிந்துவிடும், உருகி காயிலையும் கெடுக்கும்.

இப்போது பாதுகாப்பு. இதை நான் சும்மா சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. சூளையின் சுவிட்சை ஆஃப் செய்தால் போதாது, பல சூளைகளில் கன்ட்ரோலர் ஒரு முனையை மட்டும்தான் துண்டிக்கிறது, மறு முனையில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். எம்சிபியை இறக்கி, பிளக் இருந்தால் பிளக்கையும் பிடுங்கி, அப்புறம் டெஸ்டர் வைத்து ஒவ்வொரு காயில் முனையையும் தொட்டுப் பாருங்கள். மூன்று ஃபேஸ் சூளை என்றால் மூன்றையும். வீட்டில் வேறு யாராவது "ஏன் இது ஆஃப்ல இருக்கு" என்று எம்சிபியைத் தூக்கிவிடாமல் இருக்க அதன்மேல் டேப் ஒட்டி எழுதி வையுங்கள். அடுத்தது தூசி. இந்தக் கல்லை அறுக்கும்போது வரும் மாவு பவுடர் மாதிரி நைசாக இருக்கும், பலமுறை சூடான கல்லில் படிகச் சிலிக்கா இருக்கும், அது நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்ப வராது. கைக்குட்டை கட்டினால் ஒன்றும் தடுக்காது, என்95 மாஸ்க்காவது வேண்டும். மொட்டை மாடியில் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கல்லில் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்து அறுங்கள். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அன்று போட்ட சட்டையைக் குழந்தைகள் துணியோடு துவைக்க வேண்டாம்.

அடுத்து காயிலை எடுப்பது. பழைய காயில் கண்ணாடி மாதிரி. பலமுறை சூடான காந்தல் கம்பியின் உள் அமைப்பு பெரிய பெரிய மணிகளாக மாறிவிடும், குளிர்ந்த நிலையில் கொஞ்சம் வளைத்தாலும் டிக் என்று உடையும். உடைந்த கல்லில் இருக்கும் பகுதியை மட்டும் வெளியே எடுத்தால் போதும் என்றால், சமையல்காரர்கள் வைத்திருக்கும் சின்ன பியூட்டேன் டார்ச்சால் அந்தப் பகுதியை மங்கலாகச் சிவக்கும்வரை சூடாக்கி, சிவப்பாக இருக்கும்போதே மூக்குக் கொறடால் மெதுவாக வெளியே இழுங்கள். சிவப்பு மறைந்த நொடியில் நிறுத்திவிடுங்கள், மறுபடி சூடாக்கி மறுபடி இழுங்கள். அவசரப்பட்டால் ஒரு முழுக் காயிலின் விலை போகும். எப்படியும் காயில் பழசாகிவிட்டது, சுடும் நேரம் முன்பைவிட ஒரு மணி இரண்டு மணி கூடியிருக்கிறது என்றால் இந்த வேலையோடு காயிலையும் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம், பெரிய தொல்லை ஒரே தடவையில் முடியும்.

முழுக் கல்லையும் மாற்றுவதா, துண்டு மட்டும் வைப்பதா என்பது கல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மேல் வரிசையில் இருந்தால் முழுக் கல்லை மாற்றுவது சுலபம். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டையை இறுக்கும் பட்டைகளின் ஸ்க்ரூவைச் சில சுற்று தளர்த்துங்கள், முழுவதும் கழற்றாதீர்கள், கழற்றினால் மொத்த வட்டமும் சரிந்துவிடும். தளர்ந்ததும் கல்லை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினால் வந்துவிடும். வரும் முன் பக்கத்துக் கற்களில் காடி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். காயிலின் முனை வெளியே போகும் ஓட்டை இருக்கும் கல் என்றால், அட்டை ஒன்றில் ஓட்டையின் இடத்தை அப்படியே படி எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கல்லை வெட்ட ஹாக்ஸா பிளேடு போதும், கல் அவ்வளவு மிருது, ஆனால் மரம் அறுக்கும் நல்ல ரம்பத்தைத் தொடாதீர்கள், பத்து நிமிஷத்தில் பல் போய்விடும். எட்டுப் பக்கச் சூளையில் மூலையில் சேரும் கல்லின் முனையை 22.5 டிகிரி சாய்வில் வெட்ட வேண்டும், பத்துப் பக்கச் சூளை என்றால் 18 டிகிரி. கணக்கு வேண்டாம் என்பவர்கள் பழைய கல்லைப் புதுக் கல்மேல் வைத்துக் கோடு இழுத்தால் சரியாக வந்துவிடும். கோட்டிலேயே அறுக்காமல் இரண்டு மில்லிமீட்டர் வெளியே அறுத்து, மிச்சத்தைத் தேய்த்து எடுங்கள். தேய்ப்பதற்குப் பழைய கல்லே நல்ல அரம், சமமான சிமென்ட் தரையும் நல்லது. தேய்த்து, வைத்துப் பார்த்து, எந்த இடம் தட்டுகிறது என்று கண்டுபிடித்து, மறுபடி தேய்த்து. எனக்கு ஒரு கல்லுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அதில் அறுப்பது பத்து நிமிஷம்தான், மீதியெல்லாம் இதுதான். ரொம்ப இறுக்கமாக வைத்துச் சுத்தியால் தட்டி உள்ளே தள்ளாதீர்கள். கை அழுத்தத்துக்கு உள்ளே போக வேண்டும், போனபின் ஆடக் கூடாது.

காடி வெட்டுவதுதான் எனக்குப் பிடித்த பகுதி, இதில் நிதானமாக இருங்கள். பக்கத்துக் கற்களின் காடியைப் பார்த்தால் தெரியும், அது நேராக உள்ளே போகாது, உள்ளே போகப் போகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். காயில் சூட்டில் மிருதுவாகும்போது முன்னால் வழுக்கி விழாமல் பின்னால் சாய்ந்து உட்கார்வதற்காகத்தான் அந்தச் சாய்வு. புதுக் கல்லை அதன் இடத்தில் வைத்து, இரு பக்கத்துக் காடிகளையும் இணைத்துக் கோடு போட்டு, வெளியே எடுத்து, முதலில் ஹாக்ஸா பிளேடால் மேலும் கீழும் இரண்டு கீறல் போடுங்கள், நடுவில் இருப்பதைப் பழைய ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுங்கள். அப்புறம் காயிலின் வெளி விட்டத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைந்த குழாய்த் துண்டு ஒன்றில் உப்புக் காகிதத்தைச் சுற்றி, சாய்வாகப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் அடிப்பக்கம் வட்டமாக வரும். வட்ட அரம் இருந்தால் அதுவும் சரி. காயில் உள்ளே தளர்வாக உட்கார வேண்டும், நெருக்கிப் பிடித்தால் அந்த இடத்தில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சூடு கூடி அறுந்துவிடும். கீழ் உதட்டை மட்டும் மெலிய விடாதீர்கள், குறைந்தது ஒரு சென்டிமீட்டர் தடிமன் இருக்கட்டும், பெயர்வது எப்போதும் அதுதான்.

நடுவரிசையில் ஒரே ஓர் உதடு மட்டும் உடைந்திருந்தால், அல்லது முன்பக்கக் கதவு வைத்த சூளையில் கற்கள் வெளியே வரவே வராது என்றால், துண்டு வைக்கும் முறைதான் வழி. உடைந்த இடத்தைச் சுற்றிச் சதுரமாகக் கோடு போட்டு, 30 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுத்தமாக வெட்டி எடுங்கள், ஓரங்கள் கூர்மையாக இருக்க வேண்டும், கரடுமுரடான குழியில் துண்டு நிற்காது. அதே அளவுக்குப் புதுக் கல்லில் துண்டு வெட்டி, தேய்த்து, காடியும் எடுத்து உட்கார வையுங்கள். இங்கே மட்டும் கொஞ்சம் சாந்து வேண்டும். தீச்சாந்தை நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, குழியையும் துண்டையும் தண்ணீரில் நன்றாக நனைத்து, இல்லாவிட்டால் கல் சாந்தின் தண்ணீரை ஒரே உறிஞ்சாக உறிஞ்சிவிடும், பிரஷ்ஷால் ஒரு பூச்சு. ஒட்டியபின் இடுக்கில் சாந்து கோடு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தெரிந்தால் துண்டை எடுத்து மறுபடி தேய்க்க வேண்டும் என்று அர்த்தம். காடிக்குள் சாந்து ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. பல தீச்சாந்துகளில் சோடியம் சிலிக்கேட் இருக்கிறது, அது காயிலைத் தொட்டால் கிளேஸ் செய்யும் அதே கெடுதலைச் செய்யும். பிறகு காந்தல் கம்பியை 40 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, துண்டின் வழியாகப் பின்கல்லுக்குள் இரண்டு ஊசிகளை எதிரெதிர்ச் சாய்வில் குத்துங்கள். கல்லின் முழுத் தடிமனையும் தாண்டி ஊசி வெளிச் சட்டையைத் தொடவே கூடாது, தொட்டால் சூளையின் உடம்பிலேயே கரண்ட் வரும்.

கல் உட்கார்ந்ததும் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் இறுக்குங்கள், ஒரே பட்டையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். காடிகளில் இருக்கும் தூசியைப் பிரஷ்ஷும் வேக்குவமும் வைத்து எடுத்துவிட்டு, காயிலை மறுபடி டார்ச்சால் சிவக்க வைத்து உள்ளே தள்ளி, மூலைகளில் ஊசி குத்துங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இப்போது இரண்டு சோதனை. காயிலின் இரு முனைக்கும் நடுவே ஓம் அளவு மற்றக் காயில்களோடு ஒத்துப் போக வேண்டும். காயில் முனைக்கும் ஸ்டீல் சட்டைக்கும் நடுவே தொடர்பே காட்டக் கூடாது.

உலர்த்துவதில் பெங்களூர் மழையை நம்ப முடியாது. ஜூன் முதல் அக்டோபர்வரை மாடியில் எதுவும் தானாகக் காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், கல்லே ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். ஒரு நாள் மூடியைத் திறந்து வைத்து, மறுநாள் மூடியைக் கட்டைவிரல் அளவு தூக்கி வைத்து, எட்டிப்பார்க்கும் ஓட்டைகளின் அடைப்பையும் எடுத்துவிட்டு, 90 டிகிரிக்கு ஏற்றி நாலு மணி நேரம் நிறுத்துங்கள். மூடிக்கு அடியில் கண்ணாடித் துண்டு பிடித்துப் பாருங்கள், ஆவி படிந்தால் இன்னும் ஒரு மணி. அப்புறம் மணிக்கு 60 டிகிரி வீதம் 600 வரை, அங்கிருந்து மணிக்கு 120 வீதம் 1050 வரை, வெறும் சூளையாக, ஷெல்ஃப் மட்டும் வைத்து. புதுக் காயில் போட்டிருந்தால் இந்த வெறும் சூடு கட்டாயம், அதன்மேல் அலுமினா படலம் படிவது இதில்தான், அந்தப் படலம்தான் காயிலின் ஆயுள்.

அந்தச் சூட்டின்போதே எலக்ட்ரீஷியனை வைத்து கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸையும் பாருங்கள். என்னுடையது 9 கிலோவாட், மூன்று ஃபேஸில் ஒவ்வொன்றிலும் சுமார் 12.5 ஆம்பியர் வர வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்தப் பக்கத்துக் காயிலோ முனை இணைப்போ சரியில்லை, உடனே நிறுத்துங்கள்.

முழுக்க ஆறியபின், அதாவது கை வைக்கும் சூட்டுக்கு வந்தபின், புதுக் கல்லைச் சுற்றி டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மயிரிழை இருக்கும், பரவாயில்லை. மூன்று சூட்டுக்குப் பிறகு பட்டைகளை அரைச் சுற்று இறுக்குங்கள், புதுக் கல் கொஞ்சம் சுருங்கியிருக்கும். ஷெல்ஃபுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விட்டு அடுக்குங்கள், உதடுகளில் பாதி ஷெல்ஃப் இறக்கும்போது தட்டித்தான் உடைகின்றன. மிச்சமான கல்லை மழை படாத இடத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி, அதன் எண்ணையும் வாங்கிய தேதியையும் மேலே எழுதி வைத்துவிடுங்கள்.